தகடும் தடயமும்

கார் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு முகிலும் மழையும் முல்லையுமே முதலில் நினைவுக்கு வரும். சுங்குவார்சத்திரத்துப் பெருவழியோரம் நின்று பார்ப்பவர்க்கோ அச்சொல் நான்கு சக்கரங்களின் மேல் விரைந்தோடும் ஊர்தியையே குறிக்கும். இவ்விரு கார்களுக்கும் இடையே தீராப் பகை ஒன்று உண்டு. முன்னது பொழியப் பொழியப் பின்னது துருப்பிடிக்கும். அவ்வாறு துருப்பிடித்த பழங்கார் ஒன்றைச் செப்பனிட முற்படும்போது எழும் வினாவே இக்கட்டுரையின் பொருள். அரித்துப்போன தகட்டைத் தட்டியும் வெட்டியும் பற்றவைத்தும் பழுதுபார்ப்பதா? அன்றி, அதனைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய தகட்டைப் பொருத்துவதா?

பட்டறை வாசலில் கேட்கப்படும் எளிய வினாவாக இது தோன்றலாம். ஆயினும் இதற்குள் நம் வட்டாரத்துத் தொழில் வரலாற்றின் ஒரு பகுதி அடங்கிக் கிடக்கிறது. செல்லரித்த சுவடியின் முன்பும் சிதைந்த கோயிலின் முன்பும் நின்று, பழமையை எவ்வாறு காப்பது என்று நாம் கேட்டுவரும் வினாவும் இதனோடு உடன்பிறந்ததே. ஆதலின் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் தகட்டுக்கும் ஓர் இடம் உண்டு என்று கருதுகிறேன்.

சத்திரத்தைச் சுற்றி

நம் ஊரின் பெயரே அதன் பழைய பணியைச் சொல்லிவிடுகிறது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருவழியில், திருப்பெரும்புதூரைக் கடந்ததும், வழிப்போக்கர் இளைப்பாறும் சத்திரத்தின் பெயரால் வழங்கும் ஊர் இது. இன்று இங்கு வந்து தங்குவோருள் பெரும்பாலோர் வழிப்போக்கர் அல்லர், தொழிலாளர். கிழக்கே இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் கால்கொண்ட ஹூண்டாய் ஆலை, 1998-இல் தன் முதல் காரை வெளியிட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் கூட்டாலை திறக்கப்பட்டது. அதே ஒரகடத்தில் 2013-இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் ஆலை இயங்கத் தொடங்கியது. சுங்குவார்சத்திரத்தின் அருகிலேயே குளிர்பதனப் பெட்டிகளும் சலவை எந்திரங்களும் கைப்பேசிகளும் உருவாகின்றன.

இத்தகைய கார் ஆலைகளில் மெல்லிய எஃகுத் தகடு பெருஞ்சுருளாக வந்து இறங்குகிறது. பல டன் எடையுள்ள மேலச்சுக்கும் கீழச்சுக்கும் இடையே அது வைத்து அழுத்தப்படுகிறது. சில நொடிகளில் தட்டையான தகடு கதவாகவும் கூரையாகவும் வடிவம் கொள்கிறது. எந்திரக் கைகள் அவற்றைச் சேர்த்துப் பற்றவைக்கின்றன. ஒரு கதவுக்கும் அதன் அடுத்த கதவுக்கும் கண்ணால் வேறுபாடு காண இயலாது. ஆகவே, இன்றைய கார் ஒன்றின் கதவு பெரிதாக நசுங்கினால், அதே அச்சில் பிறந்த மற்றொரு கதவு வந்து அதன் இடத்தில் அமர்கிறது. இதுவே இயற்கை என்றும், என்றென்றும் இவ்வாறே இருந்தது என்றும் எண்ணத் தோன்றும். உண்மை வேறு.

ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகக் கிழக்கே செல்லும் சாலை வண்டலூரில் போய் முடிகிறது. அங்கே, பெருங்களத்தூரை ஒட்டிய நிலப்பரப்பில், இந்த ஆலைகளுக்கெல்லாம் மூத்ததொரு கார்த் தொழிற்சாலை இருந்தது. 1949-இல் திறக்கப்பட்ட அத்தொழிற்சாலையில் 1988-இல் கார் உற்பத்தி நின்றது. பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்னும் நம் வினாவுக்கு அதன் வரலாற்றைக் காட்டிலும் பொருத்தமான களம் தமிழ்நாட்டில் வேறில்லை எனலாம்.

அச்சு வருமுன்

அவ்வரலாற்றுக்குள் புகுமுன் சற்றே பின்னோக்கிச் செல்லவேண்டும். மாற்றுவது என்னும் எண்ணமே ஒரு காலத்தில் இல்லை.

சென்னையில் 1840-இல் தோன்றிய சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டிகளைக் கட்டுவதில் புகழ்பெற்றது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் அதுவே என்பர். அக்காலத்துக் கார்களின் உடல், குதிரை வண்டியின் உடலைப் போலவே மரச்சட்டத்தின் மேல் எழுந்தது. தச்சர் சட்டத்தைக் கோத்தார். கொல்லர் தகட்டை அடித்து வளைத்து அதன்மேல் போர்த்தினார். அவ்வண்டி எதன்மீதேனும் மோதி நசுங்கினால், முதலில் செய்த கையே மீண்டும் செய்தது. பழுதுபார்ப்பதும் புதிதாகச் செய்வதும் ஒரே கொட்டாப்புளியின் இருவேறு வீச்சுகள். எந்த இரண்டு வண்டிகளும் முற்றும் ஒத்திராமையால், ஒன்றின் பகுதியைக் கழற்றி மற்றொன்றில் மாட்டுதல் என்பதற்கே இடமில்லை.

இந்நிலையை மாற்றியது அழுத்தச்சு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் எட்வர்டு பட் என்பார் 1912-இல் நிறுவிய தொழிற்கூடம், மரச்சட்டத்தை அறவே ஒழித்து, அச்சில் அழுத்திய எஃகுப் பகுதிகளைப் பற்றவைத்துக் காரின் உடலைச் செய்தது. 1914-இன் இறுதியில் வெளிவந்த டாட்ஜ் கார்கள் இம்முறையைப் பரவச் செய்தன. அச்சைச் செய்வதற்குப் பெரும்பொருள் செலவாகும். செய்து முடித்துவிட்டாலோ ஒரே வடிவத்தை நூறாயிரம் முறை பெறலாம். அன்றுதான் ‘மாற்றுத் தகடு’ என்னும் கருத்து பிறந்தது. ஒன்றை நாம் நினைவில் இருத்த வேண்டும்: மாற்றுத் தகட்டின் ஆயுள் அதன் அச்சின் ஆயுள். ஆலை மூடி அச்சு பழைய இரும்பாகிவிட்டால், கார் மறுபடியும் கொல்லரின் கைக்கே திரும்பி வரும். வண்டலூரின் கதை இதுவே.

வண்டலூர்க் கார்கள்

பிரிட்டனின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனமும் சென்னையின் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் 1948-இல் கைகோத்து ‘ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா’வைத் தொடங்கின. முதலில் வாங்கார்டு என்னும் கார் இங்கே பூட்டப்பட்டது. ஐம்பதுகளில் ஸ்டாண்டர்டு எயிட், டென் ஆகிய சிறு கார்கள் வந்தன.

அக்காலத்து அரசின் கொள்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1953-இல் சுங்கவரி ஆணையம் அளித்த பரிந்துரையை அரசு ஏற்றது. உள்நாட்டிலேயே படிப்படியாகப் பாகங்களைச் செய்யும் திட்டமில்லாத நிறுவனங்கள் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அவ்வாறே சென்றன. வெளிநாட்டுக் கார்களின் வரவு அருகியது. உள்நாட்டுக் கார்களுக்கோ நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருமுறை வாங்கிய காரைப் பத்தாண்டு, இருபதாண்டு வைத்துப் பேணுதல் நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமாயிற்று. தகட்டைத் தட்டி நிமிர்த்தும் ‘டிங்கர்’ என்னும் தொழிலாளி ஊர்தோறும் பெருகியமைக்கு இக்கொள்கையும் ஒரு காரணம். சிக்கனமும் தேவையும் சேர்ந்து வளர்த்த கலை அது.

1961-இல் வண்டலூரிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு புறப்பட்டது. 948 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட சிறிய, அழகிய கார். அதன் தாய்வடிவமாகிய டிரையம்ஃப் ஹெரால்டு பிரிட்டனில் 1959 ஏப்ரலில் அறிமுகமாயிருந்தது. அதனை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கெலொட்டி.

கழற்றிப் பூட்டும் உடல்

ஹெரால்டின் உடல் அமைப்பு, அது தோன்றிய காலத்துக்கு ஒவ்வாததாக இருந்தது. மற்ற நிறுவனங்கள் அடிச்சட்டத்தையும் உடலையும் ஒன்றாக்கி ஒரே கூடாகச் செய்யத் தொடங்கிவிட்டன. நம் அம்பாசிடர் அத்தகைய ஒற்றைக்கூட்டு உடல் கொண்டதே. ஹெரால்டோ தனியானதொரு சேசிஸின் மேல், துண்டு துண்டாகத் திருகாணியால் பூட்டப்பட்ட உடலைக் கொண்டிருந்தது.

இதற்கு அழகியல் காரணமன்று; வணிக நெருக்கடியே காரணம். ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடல்களைச் செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்னும் நிறுவனத்தை, போட்டியாளராகிய பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953-இல் விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து பெறும் வழி அடைபட்டது. ஆகவே பல சிறு தொழிற்கூடங்களில் பகுதி பகுதியாகச் செய்து, ஓரிடத்தில் கொணர்ந்து பூட்டுமாறு ஹெரால்டு திட்டமிடப்பட்டது. முன்புற மட்கார்டுகளும் பானெட்டும் ஒன்றாகச் சேர்ந்து, முழுமுகமும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். கூரையைத் தனியே கழற்றலாம். பின்னுடல் தனி, கதவடித் தகடுகள் தனி. கப்பலேற்றி அயல்நாடுகளில் பூட்டுவதற்கும் இவ்வமைப்பு வாய்ப்பாயிற்று.

எனவே மாற்றுவதற்கென்றே பிறந்த கார் ஹெரால்டு எனல் தகும். முகம் நசுங்கினால் திருகாணிகளைக் கழற்றிப் புதுமுகம் வைக்கலாம். இதில் வரலாறு செய்த முரண் யாதெனில், இக்காரைத்தான் நம் நாட்டில் தட்டிநிமிர்த்தியே வாழவைக்க நேர்ந்தது.

உலகில் வேறெங்கும் இல்லாத கதவு

வண்டலூர் ஹெரால்டில் உள்நாட்டுப் பாகங்களின் பங்கு காலப்போக்கில் வளர்ந்துவந்தது. இந்தியக் குடும்பங்கள் நான்கு கதவுள்ள காரையே விரும்பின. பிரிட்டிஷ் ஹெரால்டில் இருந்தவையோ இரண்டே கதவுகள். ஆகவே அறுபதுகளின் பிற்பகுதியில், இந்தியாவுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டு இங்கு உருவாக்கப்பட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் கசெல் என்னும் திருத்தவடிவம் வந்தது. பிரிட்டனில் ஹெரால்டு 1971-இல் நின்றது. வண்டலூரில் ஹெரால்டும் கசெலும் 1977 வரை தொடர்ந்தன. தாய்நாட்டில் மறைந்த மரபொன்று சேய்நாட்டில் ஆறாண்டு கூடுதலாக வாழ்ந்தது. பின்னர் வேன்களை மட்டும் செய்துவந்த அத்தொழிற்சாலை, 1985-இல் ரோவர் காரின் உடலைத் தழுவி ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரை வெளியிட்டது. அது வெற்றிபெறவில்லை, 1988-இல் உற்பத்தி நின்றது. 2006 அளவில், பயன்படாது கிடந்த ரோவர்வகைப் பாகங்களை பிரிட்டனிலுள்ள பழங்கார் உதிரிபாக வணிகர் வாங்கிச் சென்றனர். கடல்கடந்து வந்த மரபின் எச்சம் கடல்கடந்தே திரும்பிச் சென்றது.

இங்குதான் நம் வினா கூர்மை பெறுகிறது. பிரிட்டனில் ஹெரால்டு ஆர்வலர் மிகுதியாதலின், அக்காரின் சில தகடுகள் இன்றும் அங்கே புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. பொருள் படைத்த ஒருவர் அவற்றைத் தருவித்து, தம் வண்டலூர்க் காரின் பழந்தகடுகளைக் களைந்துவிட்டு மாட்டிக்கொள்ளலாம். கார் பளபளக்கும். ஆயினும் நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவை எங்கிருந்து தருவிப்பார்? அது எந்த நாட்டின் விற்பனைப் பட்டியலிலும் இல்லை. பிரிட்டனில் அக்கதவு ஒருநாளும் உற்பத்தியானதில்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழம்பாகக் கடைகளில் தேடலாம். ஏதேனும் ஒரு கொட்டகையில் மாண்டு கிடக்கும் மற்றொரு காரிலிருந்து எடுக்கலாம். இரண்டும் வாய்க்காவிடில் கைவல்ல டிங்கரிடம்தான் செல்லவேண்டும்.

தகடு வெறும் உறையன்று என்பதை இப்பின்கதவு உணர்த்துகிறது. அது ஒரு தடயம். நம் நாட்டுக் குடும்பத்தின் தேவையை எண்ணி, மிக்கெலொட்டியின் கோட்டில் இன்னொரு கதவை நுழைத்த பொறியாளரின் சிந்தனை அதில் இருக்கிறது. அவ்வளைவு அச்சின் வளைவு. அதன் இடுக்குகளைச் சரிசெய்து பொருத்தியது வண்டலூர்த் தொழிலாளியின் கை. அத்தொழிலாளருள் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று கணினி அலுவலகங்கள் எழும்பியுள்ளன. அவர்கள் உழைத்ததற்கு மிஞ்சிய சான்று, ஓடும் நிலையிலும் ஓடா நிலையிலும் எஞ்சியிருக்கும் அந்தத் தகடுகளே.

டிங்கரின் கை

தகட்டைத் தட்டுவது எவ்வாறு என்பதை அறிந்தாலன்றி அதன் அருமை விளங்காது. அக்காலக் கார்களின் தகடு ஏறத்தாழ 20 கேஜ், அதாவது 0.9 மில்லிமீட்டர் கனமுள்ளது. அதில் ஒடுக்கு விழும்போது தகடு வளைவதோடு நீளவும் செய்கிறது. டிங்கர் உட்புறம் இரும்புத் தாங்கியைப் பிடித்துக்கொண்டு, வெளிப்புறம் சுத்தியலால் மெல்ல மெல்ல அடிப்பார். நசுங்கிய இடத்தின் நடுவில் ஓங்கி அடிப்பவர் தொழில் அறியாதவர். விளிம்பிலிருந்து தொடங்கி, ஒடுக்கு விழுந்த வரிசைக்கு எதிர்வரிசையில் வருவதே முறை. நீண்டுபோன தகடு, அழுத்தினால் உள்ளே போய், கையை எடுத்தால் ‘டப்’பென்று வெளியே வரும். அவ்விடத்தில் கேஸ் சுடரால் காசளவு பரப்பைச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் தட்டி, ஈரத்துணியால் குளிர்வித்தால் தகடு சுருங்கித் தன் நிலைக்கு மீளும். கண்ணைவிட உள்ளங்கையே இங்கு நல்ல அளவுகோல். கையைத் தடவிப் பார்த்தே மேடு பள்ளத்தைச் சொல்லிவிடுவார்.

துரு வேறு வகைப் பகை. இரண்டு தகடுகள் மடிந்து சேரும் இடத்திலும், சக்கரத்தின் மேல்வளைவில் சேறு அப்பிய இடத்திலும், கதவின் அடியில் நீர் வடியும் துளை அடைபட்ட இடத்திலும் அது உள்ளிருந்து புறப்படும். வெளியே வண்ணத்தில் ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதித் தகடு மாவாகியிருக்கும். நல்ல டிங்கர் நோயுள்ள பகுதியை நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டி எடுப்பார். அதே கனமுள்ள தகட்டை அதே வளைவில் அடித்து, விளிம்போடு விளிம்பு சேரப் பற்றவைப்பார். பழைய நாளில் அம்மூட்டின் மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றை உருக்கிப் பூசி இழைத்தனர்.

பழுதுபார்ப்பு என்ற பெயரால் நிகழும் பிழைகளும் உண்டு. துருவை அகற்றாமல் அதன்மேலேயே மற்றொரு தகட்டைப் போர்த்திப் பற்றவைப்பது முதற்பிழை. இரண்டுக்கும் இடையே நீர் தங்கி, முன்னிலும் விரைவாக அரிக்கும். தட்டி நிமிர்த்த வேண்டிய பள்ளத்தைப் பட்டியால் நிரப்பி மறைப்பது இரண்டாவது. கனமான பட்டி நாளடைவில் வெடித்து உதிரும். அங்கே காந்தத்தை வைத்தால் ஒட்டாது விழுந்துவிடும். பழங்கார் வாங்குவோர் சட்டைப்பையில் சிறு காந்தம் வைத்திருப்பது இதனாலேயே. மணலைப் பீய்ச்சித் துருவை அகற்றுவது மூன்றாவது. தடித்த சேசிஸுக்கு அது ஏற்கும். மெல்லிய தகடோ அலையலையாக நெளிந்துவிடும். கோயிற் சுவர்களில் மணல் பீய்ச்சித் தூய்மை செய்யப்போய்க் கல்வெட்டெழுத்துகள் தேய்ந்த கதையை நாம் அறிவோம்.

மாற்றுவோரின் வழக்கு

மாற்றுவதே நன்று என்போர்க்கும் வலுவான நியாயங்கள் உண்டு. அவற்றை மறைத்தல் நேர்மையன்று.

முதலாவது, உயிர்க்காப்பு. ஒற்றைக்கூட்டு உடலுள்ள அம்பாசிடர் போன்ற கார்களில் கதவடித் தகடும் தளத்தகடும் வெறும் போர்வையல்ல. காரின் முதுகெலும்பே அவைதாம். அவை அரித்துவிட்டால் துண்டு ஒட்டி ஓட்டுதல் ஆபத்து. உடல் வளையாதபடி உள்ளே முட்டுக் கொடுத்து, அப்பகுதியை முழுவதும் மாற்றுவதே அறம். ஹெரால்டில் அச்சுமையைச் சேசிஸ் தாங்குவதால் தகட்டைப் பொறுமையாகப் பழுதுபார்க்க இடமுண்டு. ஆனால் சேசிஸின் பக்கவாட்டுக் கைகள் அரித்திருந்தால் அங்கே இரக்கம் காட்டலாகாது.

இரண்டாவது, காலமும் கூலியும். நல்ல தகடு கையில் இருக்கும்போது, பத்து நாள் தட்டுவதைக் காட்டிலும் ஒரு நாளில் மாட்டுவது சிக்கனம். கூலி மிகுந்து தகடு மலிந்த மேலைநாடுகளில் மாற்றும் வழக்கம் ஓங்கியதும், கூலி குறைந்து தகடு அரிதாயிருந்த நம் நாட்டில் பழுதுபார்க்கும் வழக்கம் ஓங்கியதும் இதனாலேயே. நாம் சிக்கனத்தால் செய்ததைப் பின்னாளில் பண்பாடு என்று பெயரிட்டு அழைப்பதில் சற்றே எச்சரிக்கை வேண்டும்.

மூன்றாவது, இன்றைய உலோகம். புதிய கார்களின் கூட்டில் உயர்வலிமை எஃகு பயன்படுகிறது. அதனைச் சுடரால் காய்ச்சினால் வலிமை குன்றும். அங்கே பழைய டிங்கரின் முறை செல்லாது. மாற்றுவதே முறை.

ஆகவே ஒன்றைக் கொண்டாடி மற்றொன்றை இகழ்வது நோக்கமன்று. எதற்காகச் செப்பனிடுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறும். நாள்தோறும் ஓடவேண்டிய ஊர்தியாயின் பயனே அளவுகோல். ஒரு காலத்தின் சான்றாகக் காக்கவேண்டிய ஊர்தியாயின் உண்மையே அளவுகோல்.

இடைச்செருகல்

உண்மையை அளவுகோலாகக் கொண்ட செப்பனிடும் முறையை நாம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது அவர் முன் இருந்தவை செல்லரித்த ஏடுகள். ஓரேட்டில் சிதைந்ததை மற்றோர் ஏட்டைக் கொண்டு நிரப்பினார். வேறுபாடுகளைப் பாடபேதமாகக் குறித்தார். எந்த ஏட்டிலும் கிடைக்காத இடத்தைப் புள்ளியிட்டு வெறுமையாக விட்டார். புறநானூற்றின் 267, 268-ஆம் பாடல்கள் இன்றுவரை வெற்றிடங்களாகவே நிற்கின்றன. பெரும்புலவராகிய அவருக்கு அவ்விடங்களை நிரப்பும் ஆற்றல் இல்லாமலில்லை. நிரப்பியிருந்தால் அது இடைச்செருகல் ஆகியிருக்கும்.

பழங்காருக்கும் இதுவே நெறி. உயிரோடிருக்கும் தகட்டைப் பழுதுபார்த்தல், ஏட்டிலுள்ள எழுத்தைத் துடைத்துப் படித்தல் போன்றது. அழிந்த மற்றொரு வண்டலூர்க் காரின் கதவைக் கொணர்ந்து மாட்டுதல், பிறிதோர் ஏட்டைக் கொண்டு நிரப்புதல் போன்றது. புதிதாகச் செய்த தகட்டை மாட்டி அதனை வெளிப்படையாகக் குறித்து வைத்தல், பதிப்பாசிரியர் அடிக்குறிப்புப் போன்றது. புதுத் தகட்டை மாட்டிவிட்டுப் பழையதென்று சொல்லி விற்பதோ இடைச்செருகல்.

உலகமும் இம்முடிவுக்கே வந்திருக்கிறது. பழங்கட்டடங்களைக் காப்பதற்கென 1964-இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம், இல்லாத பகுதியை நிரப்புங்கால் அது முழுமையோடு இயைந்திருக்க வேண்டும் என்றும், எனினும் பழையதினின்று பிரித்தறியத் தக்கதாய் இருக்க வேண்டும் என்றும் கூறியது. அதன் வழியில், பழம்ஊர்திக் கழகங்களின் உலகக் கூட்டமைப்பு 2013-இல் டூரின் சாசனத்தை உறுதிசெய்தது. மிக்கெலொட்டியின் ஊரே இதற்கும் பெயராயிற்று. செய்யும் பணியை ஆவணப்படுத்துக, புதிதாக வைத்த பகுதிக்கு நிலையான அடையாளம் இடுக, கழற்றிய முதன்மையான பழம்பகுதிகளைக் காரோடு பாதுகாத்து வைக்க என்பன அதன் சாரம். நம் நாட்டிலும் 2021 ஜூலையில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஐம்பதாண்டு கடந்த ஊர்திகளுக்கெனத் தனிப்பதிவு விதிகளை வெளியிட்டது. சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யாது மூலவடிவில் பேணப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. பழுதுபார்த்தல் எங்கே முடிந்து மாற்றம் எங்கே தொடங்குகிறது என்னும் ஐயம் எழும்போது, படங்களும் குறிப்புகளும் வைத்திருப்பவரே விடைசொல்ல வல்லவர்.

நாம் செய்யத்தக்கது

ஆலைகள் என்றும் இருப்பவை அல்ல. வண்டலூர் 1988-இல் ஓய்ந்தது. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலையின் கார் உற்பத்தி 2022-இல் நின்றது. இன்று நம்மைச் சுற்றி நொடிதோறும் தகடுகளை ஈன்றுகொண்டிருக்கும் அச்சுகளுக்கும் ஒருநாள் முடிவு உண்டு. அன்று இங்கே பிறந்த கார்களும் பழங்கார்களாகி, யாரேனும் ஒருவருடைய கையை எதிர்நோக்கும். அக்கை அப்போது இருக்குமா என்பதே என் கவலை. நிறுவனப் பணிமனைகளில் கழற்றி மாட்டும் திறன் போற்றப்படுகிறது. தட்டி நிமிர்த்தும் திறனைக் கற்க இளைஞர் முன்வருவது அரிதாகி வருகிறது. அத்திறன் நூலில் எழுதப்பட்டதன்று. ஆசானின் அருகில் நின்று கண்ணாலும் காதாலும் உள்ளங்கையாலும் கற்றது. தகட்டின் ஓசை மாறுவதைக் கேட்டே கனத்தை அறியும் செவியை எந்த நூல் தரும்?

தொழிலோடு அதன் சொற்களும் போகும். ஒடுக்கு, டொக்கு, கொட்டாப்புளி, ஈயப்பற்று, பட்டி பார்த்தல் என்று பட்டறைகளில் வழங்கும் சொற்களுள் சில தூய தமிழ். சில ஆங்கிலத்தின் திரிபு. எல்லாம் உழைப்பாளியின் நாவில் தேய்ந்து மெருகேறியவை. உழவர் சொற்களையும் மீனவர் சொற்களையும் திரட்டி அகராதி கண்ட தமிழுலகம் பட்டறைச் சொற்களுக்கும் செவிசாய்த்தல் வேண்டும். பத்தாண்டு நிறைவுறும் நம் வட்டம் இப்பெருவழியின் இருமருங்கிலுமுள்ள பட்டறைகளுக்குச் சென்று, முதிய டிங்கர்களின் சொற்களையும் செய்முறைகளையும் கேட்டு எழுதிவைக்கும் பணியை மேற்கொள்ளலாம். ஆலைகளின் நடுவே வாழும் இலக்கிய வட்டத்தைத் தவிர இதற்கு உரியவர் வேறு யார்?

பழங்கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தட்டி நிமிர்த்த இயலும் தகட்டைத் தட்டியே நிமிர்த்துங்கள். இயலாதபோது தயங்காது மாற்றுங்கள். மாற்றினால், பழைய தகட்டை எடைக்குப் போடாது துணி சுற்றி வைத்திருங்கள். புதிய தகட்டின் உட்புறத்தில், வெளிக்குத் தெரியாத இடத்தில், செய்தவர் பெயரையும் ஆண்டையும் எழுதச் சொல்லுங்கள். வண்டலூர்த் தொழிலாளிக்கு வாய்க்காத அந்த ஒரு வரி, அவருடைய வேலையைத் தொடர்ந்து செய்த டிங்கருக்காவது வாய்க்கட்டும்.